ஐந்து பரிசு, ஐந்து பை: மழைக்காலத்தில் பின்னலும் தையலும்

நத்தாருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கைவேலைப் பரிசுப் பரிமாற்றம் என்று முடிவானதும் கைக்கு வந்தவை ஐந்து வேலைகள். ஆறு மாதக் குழந்தைக்கு ஊல் தொப்பி, காலை வகுப்பில் சோக்கட்டி பிடிக்கும் டீச்சருக்கு விரலில்லாத கையுறை ஒரு சோடி, கால் குளிரும் பெரியம்மாவுக்குச் சுடுதண்ணீர்ப் பைக்கு உறை, சிப் (zip) வைத்த சின்னப் பை, ஒரு மப்ளர். மூன்று பின்னல், இரண்டு தையல். ஐந்தும் முடிந்தன, காய்ந்தும் முடிந்தன. இலங்கை மலையகத்தின் ஹட்டன், கொட்டகலைப் பக்கத்தில் இந்த இரண்டாவதுதான் பெரிய விஷயம்.

ஒக்டோபர், நவம்பரில் இங்கே காலையில் கொஞ்சம் வெயில், பிறகு மூட்டம், மதியத்துக்குப் பின் மழை என்றுதான் பெரும்பாலும் போகும். கழுவிய தொப்பி வீட்டுக்குள் காய இரண்டு நாள் பிடிக்கும். மப்ளருக்கு மூன்று நான்கு நாள். ஆகவே பின்னி முடிக்கும் திகதியை வைத்துக் கணக்குப் போட்டால் ஈரப் பரிசைத்தான் கொடுக்க வேண்டிவரும். இம்முறை கணக்கு பின்னாலிருந்து தொடங்கியது: கொடுக்கும் நாள், அதற்கு ஒரு கிழமைக்கு முன் எல்லாமே கழுவியாகியிருக்க வேண்டும், அதற்கு முன் தையல், எல்லாவற்றுக்கும் முதலில் துணி நனைத்துக் காயவைப்பது. துணி கொடியில் கிடக்கும் நாளில் ஊல் வேலை, ஊல் சுளகில் கிடக்கும் நாளில் மெஷின் வேலை.

சீட்டுக் குலுக்குவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு துண்டில் தங்கள் அளவெல்லாம் எழுதிப் போடுவது எங்கள் ஒழுங்கு: தலைச் சுற்று, உள்ளங்கைச் சுற்று, பாத நீளம், பிடித்த நிறம், பிடிக்காத நிறம், ஊல் கழுத்தில் அரிக்குமா. பரிசு வீட்டுக் குழந்தைக்கென்றால் குழந்தையின் அளவு. எல்லோரும் எல்லாவற்றையும் எழுதுவதால் தனக்கு என்ன வரப்போகிறது என்று யாராலும் ஊகிக்க முடியாது. "கைச் சுற்று" என்று மட்டும் கேட்டால் பாதிப் பேர் மணிக்கட்டை அளந்து தருகிறார்கள். 15 செமீ என்று எழுதியவரின் உள்ளங்கை 19 செமீ இருக்கும். "பெருவிரலை விட்டுட்டு, மற்ற நாலு விரலும் தொடங்குற இடத்துல சுத்தி அளங்க டீச்சர்" என்று சொல்லி வாங்குவதே நல்லது. கடையில் வாங்கும் பொருள் 1500 ரூபாவைத் தாண்டக்கூடாது. வீட்டில் கிடக்கும் மிச்ச ஊல், பழைய கம்பளி, வெட்டுத்துணி கணக்கில் வராது. இந்த விதிதான் ஐந்தையும் சாத்தியமாக்கியது. மப்ளருக்கு மட்டும் புதிதாக இரண்டு 100 கிராம் பந்து வாங்க வேண்டியிருந்தது.

ஐந்து வேலைக்கும் ஐந்து துணிப் பை. ஒவ்வொன்றிலும் அந்த வேலைக்குரிய ஊசி, ஊல், சின்னக் கத்தரி, ஒரு அட்டை. அட்டையில் எழுதுவது "எங்கே நிற்கிறேன்" என்று அல்ல, "அடுத்து என்ன" என்று. "24 வரி முடிந்தது" என்று எழுதி வைத்தால் நான்கு நாள் கழித்து அதை எடுத்துப் பார்க்கும்போது 24ஆவது பர்ல் (புறப் பின்னல்) வரியா நிட் (நேர்ப் பின்னல்) வரியா என்று மறுபடி எண்ண வேண்டும். "அடுத்தது: 25, நிட், 9 நிட் + 2 சேர்த்து" என்று இருந்தால் பையைத் திறந்ததும் கை ஓடும். வரியின் நடுவில் நிறுத்தக்கூடாது. பஸ் நிறுத்தம் வந்துவிட்டாலும் வரியை முடித்துத்தான் இறங்குவது என்று ஒரு பிடிவாதம் வேண்டும், அல்லது நிறுத்தத்துக்கு இரண்டு வளைவு முன்பே பையில் போட்டுவிட வேண்டும்.

ஒரு பையின் ஊசியை இன்னொரு பைக்குக் கடன் எடுப்பதுதான் பல வேலைகளை ஒன்றாக ஓட்டுவோரின் பெரிய சனியன். தொப்பி நிற்கிறது, ஊசி சும்மா கிடக்கிறது, எடுத்துக் கையுறைக்குப் போடுவோம் என்று தோன்றும். எடுப்பதானால் கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) வேறு நிற நூலில் ஏற்றிவிட்டு, எடுத்த ஊசியின் அளவை அட்டையில் எழுதிவிட்டு எடுக்கலாம். திரும்ப வேறு அளவு ஊசியில் தொடர்ந்தால் அந்த இடத்தில் ஒரு பட்டை விழும். கழுவினாலும் போகாது.

ஊசி அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்து வீடுகளில் மூன்று வித ஊசி கலந்து கிடக்கிறது. கொன்வென்ட் கைவேலை வகுப்புக் காலத்துப் பழைய ஊசிகளில் பிரிட்டிஷ் எண் பொறித்திருக்கும். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 6 என்றால் 5 மிமீ, 7 என்றால் 4.5, 8 என்றால் 4, 10 என்றால் 3.25. அமெரிக்க எண் இதற்கு நேர் எதிர். அங்கே 8 என்றால் 5 மிமீ. புதிதாக வருபவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டரே இருக்கும். ஆக, "8 நம்பர் ஊசி" என்று ஒரு பின்னல் குறிப்பில் பார்த்தால் அது யாருடைய 8 என்று தெரியாமல் தொடங்கக்கூடாது. எண் அழிந்துபோன ஊசிக்கு ஒரு வழி: அளவு உறுதியாகத் தெரிந்த 4 மிமீ ஊசியால் தடித்த அட்டையில் துளை போட்டு வைத்துக்கொள்வது. சந்தேக ஊசி அதில் ஆடினால் மெலிசு, நுழையாவிட்டால் தடிப்பு. 3.25க்கும் 5க்கும் அதே அட்டையில் துளை போட்டுவிட்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்தது.

லேபல் இல்லாத ஊலையும் அளந்துதான் எடுக்க வேண்டும். அடிமட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு, இழுக்காமல், ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் சுற்ற வேண்டும். 11, 12 சுற்று வந்தால் அது 4 மிமீ ஊசிக்கான ஊல். 8, 9 என்றால் 5 மிமீக்குப் போகலாம். பிறகு மாதிரித் துண்டு: 30 கண்ணி ஏற்றி 15 செமீ பின்னி, கழுவிக் காயவைத்து, நடுவில் 10 செமீக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். ஓரக் கண்ணிகள் பொய் சொல்லும், அவற்றைச் சேர்க்கக்கூடாது. 22 கண்ணி வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் வித்தியாசம் சின்னது போலத் தெரியும். 84 கண்ணித் தொப்பியில் அது 38 செமீக்கும் 42 செமீக்கும் உள்ள வித்தியாசம். குழந்தையின் கண்ணை மூடும் தொப்பி. இன்னொன்று, குளிர்ந்த விரலால் காலை ஆறு மணிக்குப் பின்னுவது இறுகும், மதியம் பின்னுவது தளரும். மாதிரித் துண்டை எந்த நேரத்தில் உண்மையான வேலை நடக்குமோ அந்த நேரத்தில் பின்னுவதே சரி.

தொப்பி: ஆறு மாதக் குழந்தைக்குத் தலைச் சுற்று 43 செமீ என்று வந்தது. தொப்பி தலையைவிடப் பத்து வீதம் சிறிதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும், எனவே 38, 39 செமீ. நேரான இரண்டு ஊசியில் பின்னித் தைப்பதால் 84உடன் தையலுக்கு 2 சேர்த்து 86 கண்ணி. பழைய 10 நம்பர் ஊசியில் 2 நிட், 2 பர்ல் என்று ரிப் (இழுபடும் விளிம்புப் பின்னல்) 4 செமீ; வரி 2 நிட்டில் தொடங்கி 2 நிட்டில் முடியும், தைத்தபின் இரு ஓரமும் ஒன்றுசேர்ந்து ஒரே 2 நிட்டாகத் தெரியும். பிறகு 4 மிமீ ஊசிக்கு மாறி, ஒரு வரி நிட் ஒரு வரி பர்ல், மொத்த உயரம் 9 செமீ வரும்வரை. குறைப்பு: 1 நிட், (10 நிட், 2 சேர்த்து ஒன்று) ஏழு தடவை, 1 நிட். அடுத்தது முழுக்கப் பர்ல். அதற்கடுத்த நிட் வரியில் 10க்குப் பதில் 9, பிறகு 8, இப்படி 9 கண்ணி மிஞ்சும்வரை. நூலை 40 செமீ விட்டு வெட்டி, 9 கண்ணிக்குள்ளும் இருமுறை ஓட்டி இறுக்கி, அதே நூலால் பக்கத்தைத் தைத்து இறக்கினால் முடிச்சே தேவையில்லை. உச்சியில் குஞ்சம் வேண்டுமென்று ஆசையாகத்தான் இருக்கும். ஆறு மாதக் குழந்தை எதையும் வாயில் வைக்கும். பிய்ந்து வரக்கூடிய குஞ்சமோ பொத்தானோ போடாமல் விடுவதே சரி.

கையுறைக்கு 42 கண்ணி, அதே தடிப்பு ஊல், அதே ஊசிகள். 6 செமீ ரிப், அதன்மேல் 15 செமீ வரும்வரை நிட்-பர்ல், கடைசி 3 செமீ மறுபடி ரிப், மொத்தம் 18. பக்கத்தைத் தைக்கும்போது கீழிருந்து 9 செமீ தைத்து, 4.5 செமீ பெருவிரலுக்குத் திறந்து விட்டு, மீதி 4.5 செமீயை மூட வேண்டும். திறப்பின் இரு முனையிலும் இரண்டு தையல் கூடுதலாகப் போடாவிட்டால் முதல் கிழமையே அங்கே பிரியும். சோடி வேலைகளில் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குவது வேண்டாத சோதனை; இரண்டாவது நான்கு வரி கூடும் அல்லது குறையும், மனமும் ஓடாது. இரண்டையும் ஒரே ஊசியில் பக்கம் பக்கமாக ஏற்றி, பந்தின் உள் நுனியால் ஒன்று, வெளி நுனியால் மற்றது என்று பின்னினால் உயரம் தானாகவே ஒத்துவரும். வரிக்கு வரி திரும்பும்போது ஒருமுறை இடப்பக்கமாகவும் மறுமுறை வலப்பக்கமாகவும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நூலும் முறுக்கிக்கொள்ளும். தொப்பியும் கையுறைச் சோடியும் சேர்ந்து 100 கிராம் ஊலுக்குள் அடங்கின.

மப்ளர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 4.5 மிமீ ஊசி, 44 கண்ணி, எல்லா வரியும் நிட், 150 செமீ. ஒரு பக்கம் நிட் ஒரு பக்கம் பர்ல் என்று பின்னினால் ஓரம் சுருண்டு குழாயாகிவிடும், அதனால் நிட் மட்டும். புதுப் பந்தை வரியின் ஓரத்தில்தான் சேர்க்க வேண்டும். மிச்ச நூல் அகலத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறைந்தால் அந்த வரியைத் தொடங்காமல் மாற்றிவிடலாம். நாங்கள் ஊல் என்பது அக்ரிலிக் நூலை; அது வழுக்கும், முடிச்சு தளரும். 15 செமீ வால் விட்டு ஒரு திசையில் செருகி, திரும்பி எதிர்த் திசையிலும் செருக வேண்டும். இரண்டு பந்தையும் ஒரே நாளில், ஒரே சாயத்தொகுதி எண் பார்த்து வாங்குவது அவசியம். கண்டி பஸ்ஸின் வளைவுகளில் குனிந்து எண்ணாமல் பின்னக்கூடியது இது ஒன்றுதான், அதனால் பயண வேலை முழுக்க மப்ளருக்கே போனது. பார்வைக்கு எளிமை, ஐந்திலும் அதிக நேரம் தின்றதும் இதுவே. வாங்குபவருக்கு அது தெரியவும் தெரியாது.

எந்த வேலையை எப்போது எடுப்பது என்பதை வெளிச்சமும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இரவு பல்பில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். விழுந்த கண்ணி மறுநாள் காலையில்தான் தெரியும். கருநீலக் கையுறை பகலுக்கு, மஞ்சள் தொப்பி இரவுக்கு. துணி வெட்டுவது காலை வெளிச்சத்தில் மட்டும், அதுவும் இரண்டு தையல் வேலைக்கும் ஒரே தடவையில், மேசையை ஒருமுறை காலி செய்தால் போதும் என்பதால். கரண்ட் போனால் கைச்சக்கர மெஷின் ஓடும். 2022இல் மின்வெட்டு 13 மணி நேரம்வரை போன நாட்களுக்குப் பிறகு, மோட்டர் மெஷின் வாங்கியவர்கள்கூடப் பழைய சிங்கரை விற்காமல் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

சுடுதண்ணீர்ப் பை உறைக்கு ஃபிளனல் அரை மீட்டர். வெட்டுமுன் இளஞ்சூட்டு நீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். ஃபிளனல் ஒரு மீட்டருக்கு 3 முதல் 5 செமீ சுருங்குவது சாதாரணம். சிவப்பு, கருநீலம் என்றால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கவும். சாயம் ஒட்டினால் அந்தத் துணியைப் பெரியம்மாவின் வெள்ளை விரிப்புக்குப் பக்கத்தில் அனுப்பக்கூடாது. காலியான பையைத் தாளில் வைத்துச் சுற்றிலும் 2.5 செமீ விட்டு வரைவது: 1 செமீ தையலுக்கு, 1.5 செமீ நிரம்பிய பை உப்புவதற்கும் உள்ளே வைக்கும் கம்பளிக்கும். இரண்டு லீட்டர்ப் பைக்கு இது ஏறத்தாழ 25 அகலம், 36 உயரம் வந்தது. முன்பக்கம் ஒரு துண்டு. பின்பக்கம் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 24 செமீ உயரம். விளிம்பில் 2 செமீ மடித்துத் தைத்தபின் 22, 22. ஒன்றன்மேல் ஒன்று 8 செமீ ஏறும், அதன் வழியாகப் பையைச் சுருட்டி உள்ளே நுழைக்கலாம். கழுத்து வழியாகப் பையின் வாய்ப் புனல் வெளியே வர வேண்டும், எனவே கழுத்தின் அகலத்தைப் பையின் கழுத்துக்கு அல்ல, விரிந்த வாய்க்கு அளந்து 1 செமீ கூட்டி வைக்க வேண்டும். கழுத்துக்கு அழகாக இறுக்கிப் பிடித்த உறைக்குள் பை போகவே போகாது.

மூன்று துண்டுக்கும் பின்னால் பழைய கம்பளி. விளிம்பு மடிப்பில் கம்பளியை வெட்டிவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் உட்பக்கத் துண்டுக்கும் கம்பளி வேண்டாம். அப்படி வெட்டியும் பக்கவாட்டில் ஐந்து மடிப்பு சேரும். முன்பக்கத்தை நல்ல பக்கம் மேலாக விரித்து, பின்துண்டுகளைக் கவிழ்த்து வைக்கும்போது எதை முதலில் வைக்கிறோமோ அதுவே திருப்பிய பின் வெளியே வரும். மேல் துண்டு வெளியே வர வேண்டுமென்றால் அதை முதலில் வைக்க வேண்டும். மெஷினுக்கு 16 நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மிமீ. தடித்த இடத்தில் மெஷினின் பாதம் முன்னால் தூக்கி நிற்கும், தையல் ஒரே இடத்தில் குத்திக் குவியும். பாதத்தின் பின்புறம் அதே தடிப்பில் மடித்த துணித்துண்டு ஒன்றை வைத்தால் பாதம் மட்டமாகி நகரும். அந்த நான்கைந்து செமீக்கு மட்டும் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கழுத்து வளைவில் 1 செமீக்கு ஒரு வெட்டு, தையலுக்கு 2 மிமீ முன்பே நிற்கும்படி. வெட்டாமல் திருப்பினால் கழுத்து சுருங்கி நிற்கும்.

துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளைய வளையமாக விழுந்தால் பொபினை (அடிநூல் உருளையை)த் திருகுவது வீண். குற்றம் பெரும்பாலும் மேல் நூலில்: பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் அது இறுக்கத் தட்டுகளுக்கு நடுவே போகாது. பாதத்தைத் தூக்கி, முழுவதையும் உருவி, மறுபடி கோர்த்தால் தீரும். எண்ணெய் விட்ட அன்று பரிசுத் துணி தைக்கக்கூடாது. முதலில் கந்தலில் ஓட்டி மிச்ச எண்ணெயை எடுக்க வேண்டும். இந்த ஈரத்தில் குண்டூசி ஒரு இரவு துணியில் இருந்தாலே துருப்புள்ளி விழும். விழுந்தால் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்கலாம், வெயில் கிடைத்தால்.

சிப் பைக்கு வெட்டுத்துணியில் 22க்கு 16 செமீ நான்கு துண்டு, இரண்டு வெளிக்கு, இரண்டு லைனிங்குக்கு. 20 செமீ சிப். வெட்டுத்துணி மூட்டையில் டீ-சேர்ட் துணியும் கலந்துவரும். இழுபடும் துணியை இழுபடாத துணியோடு தைத்தால் ஓரம் அலையடிக்கும், ஒதுக்கிவிட வேண்டும். ரோலில் வாங்கிய சிப் என்றால் தலையை ஏற்றியதும் இரு முனையிலும் குறுக்கே நெருக்கமாகத் தைத்துவிட வேண்டும், இல்லையேல் தலை கழன்று கையோடு வரும். வெளித்துணி, சிப், லைனிங் என்று ஒவ்வொரு பக்கமும் தைத்து, சுற்றித் தைக்குமுன் சிப்பைப் பாதி திறந்து வைக்க வேண்டும். மூடிய சிப்போடு சுற்றித் தைத்தால் லைனிங்கில் விட்ட 10 செமீ வாய் வழியாகத் திருப்பினாலும் பை மூடியே கிடக்கும். உள்ளே விரல் விட்டுத் திறப்பதற்குள் உயிர் போய்விடும். இரண்டு தையலுக்கும் ஒரே சாம்பல் நூல். எந்த நிறத்துக்கும் உறுத்தாது. தொடங்குமுன் மூன்று பொபின் சுற்றி வைத்தது நேரத்தை மிச்சப்படுத்தியது.

கழுவும் நாள். ஊல் வேலை மூன்றையும் காலையில் இளஞ்சூட்டு நீரில், பிழியாமல், துவாயில் சுருட்டி மேலே ஏறி நின்று அமுக்கி நீரை எடுக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீளும். சுளகை இரண்டு நாற்காலிக்கு நடுவே வைத்து அதன்மேல் அளவு பார்த்து விரித்தால் மூங்கில் இடுக்கு வழியாகக் கீழிருந்தும் காற்று போகும். விறகடுப்புக்கு மேலே காயவைத்தால் ஒரே நாளில் காயும், ஆனால் புகை வாசம் இழைக்குள் ஏறிவிடும். குழந்தைத் தொப்பிக்கு அது ஆகாது. அவசரத்துக்கு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் அக்ரிலிக் தட்டையாகி, ரிப்பின் இழுவை செத்துவிடும். அதைத் திரும்ப எழுப்ப வழியே இல்லை.

ஒவ்வொரு பரிசுக்குள்ளும் ஒரு சீட்டு: ஊலுக்கு "கையால் கழுவவும், தட்டையாகக் காயவைக்கவும், இஸ்திரி வேண்டாம்", தொப்பிக்கு "தூங்கும்போது கழற்றிவிடவும்", உறைக்கு "கொதிக்கும் நீர் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடவும்". சுற்றுவதற்கு வெட்டுத்துணியே போதும். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் மிச்ச ஈரம் இரண்டு கிழமையில் பூஞ்சணமாகும்.

டீ-கோசியும் (டீபொட்டுக்கான உறை) இந்தப் பட்டியலில் முதலில் இருந்தது, பிறகு எடுக்கப்பட்டது. டீபொட்டில் தேத்தண்ணி ஊற்றுவது துரை பங்களாப் பழக்கம். மற்ற வீடுகளில் பிளாஸ்க்தான். அடுத்த வருடம் பிளாஸ்குக்கு உறை பின்னலாம், உள்ளங்கைச் சுற்றோடு பிளாஸ்க் சுற்றையும் துண்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஃபிளனலை செப்டெம்பரிலேயே வாங்கி நனைத்துவிட வேண்டும். மப்ளர் கிடையாது; அந்த நேரத்தில் கையுறை மூன்று சோடி வரும்.